சிலைக்கு எந்தக் கல்லைத் தேர்வது? தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களுக்காக நான்கு கற்களின் ஒப்பீடு

ஊர்க்கோயில் திருப்பணிக் குழுவினர், முன்னோர் நினைவாகத் தோட்டத்தில் ஒரு கல் நிறுத்த நினைப்பவர்கள், பள்ளி முகப்பில் வள்ளுவர் சிலை வைக்க விரும்பும் முன்னாள் மாணவர்கள், சிற்பம் பயிலத் தொடங்கும் இளைஞர்கள் என்று பலரும் ஒரே கேள்வியில் வந்து நின்றுவிடுகிறார்கள். எந்தக் கல்லை வாங்குவது? நம் பக்கத்தில் எல்லாவற்றையும் கருங்கல் என்ற ஒரே பெயரில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் பர்கூர் வட்டாரத்தில் வெட்டியெடுக்கப்படும் வரியோடிய கல்லும், தருமபுரி மாவட்டத்தில் நீளமான சுவர்போல் நிலத்துக்குள் இறங்கிக் கிடக்கும் கருப்புக் கல்லும் பிறப்பிலேயே வேறானவை. இவற்றோடு மாக்கல்லும் பளிங்கும் போட்டிக்கு வரும்போது குழப்பம் கூடிவிடுகிறது.

பெரும்பாலோர் நிறத்தையும் விலையையும் பார்த்துத் தொடங்குகிறார்கள். அதைவிட, அந்தக் கல் பூமிக்குள் எப்படி உருவானது என்று கேட்பது பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து. உளி படும்போது கல் எப்படி உடையும், எவ்வளவு நுணுக்கத்தைத் தாங்கும், மழையும் அபிஷேகமும் அதை என்ன செய்யும் என்பவற்றில் பெரும்பகுதி அந்தப் பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது.

## முதலில் அளவுகோல்கள்

சிலை நிற்கப்போகும் இடம் முதலாவது. வெட்டவெளியா, மண்டபமா, வீட்டுக்கூடமா என்பதைப் பொறுத்தே பாதிப் பதில் கிடைத்துவிடும். அதன் மேல் என்ன படப்போகிறது என்பது இரண்டாவது. எண்ணெய், தயிர், எலுமிச்சைச் சாறு, பஞ்சாமிர்தம் ஆகியவை தினமும் படும் மூலவருக்கும், மாலை மட்டும் சாத்தப்படும் தலைவர் சிலைக்கும் ஒரே கல் பொருந்தாது. மூன்றாவது, வேண்டிய நுணுக்கம்: விரல் நகமும் மணிமாலையும் தனித்தனியாகத் தெரிய வேண்டுமா, தொலைவிலிருந்து உருவம் புலப்பட்டால் போதுமா? நான்காவது, செதுக்கப்போகிறவரின் பயிற்சியும் கருவிகளும், அவர் உடல்நலமும். ஐந்தாவது, அளவும் எடையும், கல்லைக் கொண்டுவரும் பாதையும். செலவைக் கடைசியில் வைக்கிறேன், ஏனென்றால் கல்லின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். பெரும்பாலான சிலைகளில் செதுக்குக்கூலி அதைவிட அதிகமாகவே வரும்.

## சாம்பல் கருங்கல்: கிரானைட்டும் நைஸும்

கிருஷ்ணகிரி மலையை அண்ணாந்து பார்த்தவர்கள் இந்தக் கல்லைப் பார்த்தவர்கள்தான். பூமியின் ஆழத்தில் பாறைக்குழம்பு மிக மெதுவாகக் குளிரும்போது தாதுக்கள் பெரிய படிகங்களாக வளர அவகாசம் கிடைக்கிறது; அப்படி உருவாவது கிரானைட். ஏற்கெனவே உருவான பாறை கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சிக்கி, தாதுக்கள் பட்டை பட்டையாக ஒதுங்கினால் அது நைஸ் எனப்படுகிறது. கிருஷ்ணகிரிப் பகுதி நைஸ் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையவை. சில இடங்களில் அந்தப் பாறை பாதி உருகி மீண்டும் இறுகியதால் ஊதாவும் சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த அலையலையான வரிகள் உண்டாயின. பாரடிசோ என்ற வணிகப் பெயரில் உலகச் சந்தைக்குப் போகும் கிருஷ்ணகிரிக் கல் இந்த வகையைச் சேர்ந்தது.

தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் இதில் உள்ள குவார்ட்ஸ் என்னும் தாது 7, ஃபெல்ஸ்பார் என்னும் தாது 6. ஆகவே சாதாரண எஃகு உளியின் முனை விரைவில் மழுங்கிவிடும். இன்று கார்பைடு முனை வைத்த உளியையே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். பெரிய படிகங்கள் என்பதால் உளி ஒரு படிகத்தின் ஓரத்தில் பட்டால் அது முழுதாகப் பெயர்ந்து வந்துவிடக்கூடும். எனவே மெல்லிய இமைக்கோடு, நூல்போன்ற ஆபரணம் போன்றவற்றை இதில் எதிர்பார்ப்பது சிற்பிக்கு வீண் சிரமம். அகன்ற தளங்களும் உறுதியான வெளிக்கோடும் கொண்ட உருவங்களே இதற்கு உரியவை.

நம் முன்னோர் இந்த உண்மையை நன்றாக அறிந்திருந்தார்கள். தருமபுரி அரசு அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் உள்ள நடுகற்களையும், ஊர்ப்புறங்களில் வேடியப்பனாக இன்றும் வழிபடப்படுகின்ற வீரக்கற்களையும் கவனித்துப் பாருங்கள். பட்டை வாக்கில் பிளந்த பலகைக்கல்லில் வில்லும் வாளும் ஏந்திய வீரன், அதிக ஆழமில்லாத புடைப்பாக, உடல் அசைவு மட்டும் தெளிவாகத் தெரியும்படி செதுக்கப்பட்டிருக்கிறான். நைஸ் தன் பட்டை வழியாகப் பலகையாகப் பிளக்கும்; அந்தப் பலகையில் ஆழமாகக் குடைந்தால் அடுக்கு பெயரும். ஆகவே குறைந்த ஆழமும் உயிரோட்டமான வெளிக்கோடும் அந்தக் கல்லோடு ஒத்துப்போகிற முறை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில் உள்ள கற்திட்டைகள் என்னும் பண்டைய ஈமச்சின்னங்களில் பெரும்பலகைகள் நிமிர்த்தி நிறுத்தப்பட்டிருப்பதும் பலகையாகப் பெயரும் பாறை அருகிலேயே கிடைத்ததால்தான் எளிதாயிற்று.

மறைந்திருக்கும் செலவுகளில் முதன்மையானது கல்லில் ஓடும் வரி. பளபளக்கும் பலகையாக வெட்டும்போது கண்ணைக் கவரும் அதே அலை, முகத்தின் குறுக்கே ஓடினால் கன்னத்தில் தழும்புபோல் நின்றுவிடும். பாரடிசோ போன்ற கல்லில் மனித முகம் செதுக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பீடம், சுவர்ப்பலகை, உருவமில்லாத நவீனச் சிற்பம் ஆகியவற்றுக்கு அது அருமையான கல். சீரான மணிகளுடைய வெளிர்சாம்பல் கிரானைட்டையே முகத்துக்குத் தேட வேண்டும். இரண்டாவது, பாறையின் மேல்மட்டக் கல். வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் கிடந்த மேல்தோலில் ஃபெல்ஸ்பார் மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறியிருக்கும். விலை குறைவு என்று அதை வாங்கினால் சில ஆண்டுகளில் முகப்பு பொரிந்து உதிரத் தொடங்கும்.

இவ்வளவையும் சொன்ன பிறகும், திறந்தவெளியில் நிற்கப்போகும் பெரிய உருவத்துக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கல்லையே. அமிலத்துக்கு அசைந்து கொடுப்பதில்லை, பெரிய பாளங்களாகக் கிடைக்கிறது, அருகிலிருந்தே வருகிறது. மேலும் இந்த மண்ணின் நடுகல் மரபு முழுவதும் இந்தப் பாறையில் நிற்கும்போது, ஊர் எல்லையில் எழுப்பும் புதிய நினைவுக்கல்லுக்கு வேறெங்கும் போய்த் தேட வேண்டியதில்லை.

## கருப்புக் கல்: டோலரைட்

கடைகளில் கருப்பு கிரானைட் என்று விற்கப்படுவது புவியியல்படி கிரானைட்டே அல்ல. பழைய பாறையில் விழுந்த நீண்ட வெடிப்புகளுக்குள் எரிமலைக் குழம்பு ஏறி நிரம்பி, கிரானைட்டைவிட வேகமாகக் குளிர்ந்து உறைந்தது டோலரைட். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இத்தகைய பாறைச்சுவர்கள் பல, கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. உருண்டைக் கருங்கற்கள் வரிசையாகக் கிடக்கும் தாழ்ந்த மேடுகளாக அவற்றை வயல்வெளிகளில் அடையாளம் காணலாம்.

வேகமாகக் குளிர்ந்ததால் படிகங்கள் சிறியவை. ஃபெல்ஸ்பார் ஊசிகளைச் சுற்றிப் பைராக்ஸீன் என்னும் கருந்தாது கோரைப்பாயின் இழைபோல் பின்னிக்கொண்டிருக்கும். இந்தப் பின்னல்தான் சிற்பியின் கண்ணில் இதன் பெருமை. இதில் குவார்ட்ஸ் மிகக் குறைவு என்பதால் தாதுக்களின் கடினம் கிரானைட்டைவிடச் சற்றுக் குறைவே. ஆயினும் கல் முழுமையாக எளிதில் விண்டுபோவதில்லை. செதுக்கிய விளிம்பு கூர்மையாக நிற்கும். காதுவளையத்தின் துளை, விரலிடுக்கு, ஆடை மடிப்பின் ஓரம் ஆகியவற்றை இதில் துணிந்து எடுக்கலாம். மெருகேற்றிய பரப்பு ஆழ்ந்த கருமையாகவும் உளி பட்ட பரப்பு வெளிர்சாம்பலாகவும் தெரிவதால், எழுத்துப் பொறிக்கவும் உருவப்படத்தைக் கீறி வரையவும் இதற்கு நிகரான கல் இங்கே இல்லை. எண்ணெய்க்காப்பு இதன் கருமையை இன்னும் ஆழமாக்குமே தவிரக் கெடுக்காது. தயிரும் பழச்சாறும் இதனிடம் பளிங்கில் செய்வதைப்போன்ற அரிப்பைச் செய்வதில்லை. கருவறை மூலவருக்கு ஸ்தபதிகள் இத்தகைய கருமையான, நுண்மணிக் கல்லை விரும்புவதற்கு வழிபாட்டு மரபோடு இந்தக் காரணங்களும் துணை நிற்கின்றன.

ஆனால் செலவுகள் இங்கேதான் அதிகமாக ஒளிந்திருக்கின்றன. குளிரும்போது சுருங்கிய பாறையில் குறுக்கும் நெடுக்குமாக இயற்கைப் பிளவுகள் விழுந்திருக்கும். ஆகவே குவாரியில் எடுக்கும் கல்லில் பெரும்பகுதி கழிவாகிறது. குறையற்ற பெரிய பாளம் அரிது. அளவு கூடக்கூடக் கனஅடி விலையும் ஏறிக்கொண்டே போகும். அடுத்தது வெள்ளை நரம்பு. பிற்காலத்தில் பிளவுகளில் வேறு தாதுக்கள் படிந்து மெல்லிய வெண்கோடாக நிற்பதுண்டு. செதுக்கும்போது அந்தக் கோட்டில் கல் பிரியக்கூடும். பிரியாவிட்டாலும் கருமேனியில் அது உறுத்திக்கொண்டே இருக்கும். சிற்ப மரபு ரேகையுள்ள கல்லைக் குற்றமுடையதாக விலக்கியது அனுபவத்தில் விளைந்த விதி. மூன்றாவதாக, சில பாளங்களில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பொன்னிறப் புள்ளிகள் இருக்கும். அழகாகத் தெரியும் அந்தப் புள்ளிகள் மழை படும் இடத்தில் துருப்பிடித்துப் பழுப்பாக வழியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயமேற்றிக் கருப்பாக விற்கும் வழக்கம் சந்தையில் உண்டு. வெள்ளைத் துணியில் அசிட்டோன் அல்லது நகப்பூச்சு நீக்கும் திரவத்தை நனைத்து அழுத்தித் துடைத்தால், துணியில் கருமை இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். மெருகேற்றாத ஒரு மூலையை உடைத்துப் பார்ப்பது அதைவிட உறுதியான சோதனை.

## மாக்கல்

மக்னீசியம் மிகுந்த பாறைகள் நீரோடும் வெப்பத்தோடும் வினைபட்டு மாறும்போது டால்க், குளோரைட் போன்ற மென்தாதுக்கள் உண்டாகின்றன. டால்க்கின் கடினம் மோஸ் அளவில் 1, நகத்தால் கீறலாம். சமையலறையில் கல்சட்டியாக நாம் அறிந்த கல் இது. ஹொய்சளர்கள் 1117இல் பேலூரில் எழுப்பிய சென்னகேசவர் கோயிலின் நுண்வேலை, இந்த மென்கல் குடும்பத்தைச் சேர்ந்த கல்லால் இயன்றது. கருங்கல்லில் அந்த வேலையைச் செய்ய முயன்றால் எத்தனை தலைமுறை ஆகும் என்று சொல்ல முடியாது.

சிற்பம் பயிலத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை. சாதாரண உளி, அரம், பழைய கத்தி போதும். கை செய்த பிழையைக் கண் உடனே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். கருங்கல்லில் நேரடியாகத் தொடங்கும் மாணவர்கள் முதல் உருவம் முடிவதற்குள்ளேயே சோர்ந்துபோவதைத் தவிர்க்க, முதல் ஆண்டில் மாக்கல்லோடு பழகுவது நல்லது. வீட்டுப் பூசை அறைக்கான சிறு உருவங்களுக்கும் அலமாரிச் சிற்பங்களுக்கும் இது பொருந்தும்.

வெளியில் வைத்தால் நிலைமை மாறிவிடும். மக்கள் தொட்டு வணங்கும் சிலையில் மூக்கும் விரலும் தேய்ந்து மழுங்கும். துடைக்கும் துணியே சிறிது சிறிதாகக் கோடிழுக்கும். மென்மையானது என்பதால் தூசு தீங்கற்றது என்றும் எண்ணிவிடக் கூடாது. சில மாக்கல் படிவுகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) வகை நுண்ணிழைகள் கலந்திருப்பதுண்டு. எங்கிருந்து வந்த கல் என்று விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதும், ஈரப்படுத்திச் செதுக்குவதும் கட்டாயம்.

## பளிங்கு

சுண்ணாம்புக்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மறுபடிகமானால் பளிங்கு. கால்சைட் என்னும் அதன் தாது மோஸ் அளவில் 3, செதுக்க இணக்கமானது. ஒளி சிறிதளவு உள்ளே புகுந்து திரும்புவதால் மனிதத் தோலின் மென்மையைக் காட்ட இதற்கு மிஞ்சியது இல்லை. மார்பளவுத் தலைவர் சிலைகள் பளிங்கில் உயிர்ப்போடு அமைவதன் காரணம் அதுவே.

நம் தேவைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதை நான் பின்னால் தள்ளுவதற்கும் அந்தக் கால்சைட்டே காரணம். தயிர், எலுமிச்சை, பழக்கலவை என எந்த அமிலம் பட்டாலும் அது கரையும். மெருகு போய் மேற்பரப்பு சொரசொரப்பாகும். எண்ணெய் உள்ளே இறங்கினால் மஞ்சள் படியும், பிறகு எடுப்பது கடினம். மழைநீரின் இலேசான அமிலத்தன்மைகூட நீண்டகாலத்தில் முகத்தை மழுக்கிவிடும். நல்ல கல் ராஜஸ்தானின் மக்ரானா போன்ற தொலைதூரத்திலிருந்து வர வேண்டும் என்பதால் வண்டிக்கூலி தனி. பளிங்குத் தூளைப் பிசினோடு கலந்து அச்சில் வார்த்த உருவங்களும் பளிங்குச் சிலை என்ற பெயரில் விற்கப்படுகின்றன. அடிப்பாகத்தில் காற்றுக்குமிழித் துளைகளோ அச்சு இணைந்த கோடோ தெரிந்தால் விலகிவிடுங்கள். கூரைக்கு உள்ளே, அபிஷேகம் இல்லாத இடத்தில், முகபாவமே முதன்மை என்றால் பளிங்கை எடுங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சாம்பல் கருங்கல் | கருப்புக் கல் | மாக்கல் | பளிங்கு |
|---|---|---|---|---|
| பிறப்பு | ஆழத்தில் மெல்லக் குளிர்ந்தது, அல்லது அழுத்தத்தில் பட்டையானது | வெடிப்பில் ஏறி விரைந்து குளிர்ந்தது | மக்னீசியப் பாறை மாறியது | சுண்ணாம்புக்கல் மாறியது |
| நுணுக்கம் | குறைவு | மிகுதி | மிக மிகுதி | மிகுதி |
| திறந்தவெளி | மிக நன்று | நன்று | ஏற்றதல்ல | ஏற்றதல்ல |
| அபிஷேகம் | தாங்கும் | நன்கு தாங்கும் | தேயும் | அரிக்கும் |
| பெரிய பாளம் | கிடைக்கும் | அரிது | பெரும்பாலும் சிறியவை | தொலைவிலிருந்து வர வேண்டும் |
| முதன்மை ஐயம் | வரி, மேல்தோல் | நரம்பு, சாயம் | விளிம்புத் தேய்வு | அமிலக் கறை |

## விலைச்சீட்டில் வராத செலவுகள்

எடையைக் கணக்கிட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள். 4 அடி உயரம், 2 அடி அகலம், ஒன்றரை அடி கனமுள்ள ஒரு பாளம் 12 கனஅடி. சாம்பல் கருங்கல்லில் அது ஏறத்தாழ 920 கிலோ. கருப்புக் கல் அடர்த்தி மிகுந்தது என்பதால் ஒரு டன்னைத் தாண்டும். மனித உயரத்துக்கும் குறைந்த ஒரு சிலைக்கே கிரேன் வேண்டும், கிரேன் வரும் பாதையும் வேண்டும். 2018இன் இறுதியில் வந்தவாசி அருகிலுள்ள கொரக்கோட்டையிலிருந்து பெங்களூருக்குப் புறப்பட்ட பெருமாள் சிலைக்கல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தைக் கடக்கப் பட்ட பாட்டைப் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். நூற்றுக்கணக்கான டன் எடையைப் பாலங்கள் தாங்காது என்பதால் ஆற்றுப் படுகையில் தற்காலிக மண்பாதை அமைக்க வேண்டியிருந்தது. 2019இன் நடுப்பகுதியில்தான் அது பெங்களூரு போய்ச் சேர்ந்தது. பெரிய உருவம் என்றால் ஒரே கல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் குழுவினர் கன்னியாகுமரியை நினைத்துக்கொள்ளலாம். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை, பல கற்களை அடுக்கி இணைத்து எழுப்பப்பட்டது.

அதைவிடப் பெரிய செலவு செதுக்குபவரின் நுரையீரல். கிரானைட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குவார்ட்ஸ் இருக்கும். அதை உலர்ந்த நிலையில் கிரைண்டரால் அறுக்கும்போது எழும் நுண்தூசு சிலிகோசிஸ் என்ற தீராத நோயைத் தருகிறது. கருப்புக் கல்லில் குவார்ட்ஸ் குறைவு என்பதால் அபாயம் குறையுமே தவிர நீங்காது. நீர் தெளித்து அறுக்கும் வசதியும் என்-95 முகக்கவசமும் உள்ள பட்டறை சற்று அதிகமாகக் கூலி கேட்டால், தயங்காமல் கொடுங்கள். நாம் பேரம் பேசிக் குறைக்கிற தொகை ஒரு கல்தச்சரின் மூச்சிலிருந்து குறைக்கப்படுவதாக இருக்கக் கூடாது.

கல் எப்படி வெட்டப்பட்டது என்பதையும் கேளுங்கள். ஜல்லிக்காக வெடிவைத்துத் தகர்த்த குவாரியின் கல்லில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைப் பிளவுகள் ஓடியிருக்கும். வயர் சா எனப்படும் கம்பி ரம்பம் கொண்டு அறுத்த பாளம் விலை கூடினாலும் பாதுகாப்பானது. உரிமம் பெற்ற குவாரியிலிருந்து, கல்லைக் கொண்டுசெல்ல அனுமதிக்கும் நடைச்சீட்டோடு வரும் கல்லை மட்டுமே வாங்குங்கள். புறம்போக்கில் கிடக்கிறது என்று பாறையை உடைத்தெடுப்பது சட்டத்துக்குப் புறம்பானது. வயலோரத்தில் தனித்து நிற்கும் பலகைக்கல் ஒரு நடுகல்லாகவோ கற்திட்டையின் பகுதியாகவோ இருக்கக்கூடும். அதைப் பீடமாக மாற்ற யாரும் முனைந்தால் தடுத்து நிறுத்தி, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். இந்த இரு மாவட்டங்களின் வரலாற்றில் பெரும்பகுதி அத்தகைய கற்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

## யாருக்கு எது?

கருவறை மூலவர், நுணுக்கமான பரிவார தெய்வங்கள், எழுத்துப் பொறித்த நினைவுப்பலகை ஆகியவற்றுக்குக் கருப்புக் கல். ஊர் எல்லைக் காவல்தெய்வம், திறந்தவெளி வீரர் சிலை, தூண், பீடம், பள்ளி முகப்பில் நிற்கும் முழு உருவம் ஆகியவற்றுக்குச் சீரான சாம்பல் கிரானைட். நிதி குறைவாக உள்ள திருப்பணிக் குழு, மூலவரை மட்டும் கருப்புக் கல்லிலும் மற்றவற்றைச் சாம்பல் கல்லிலும் செய்துகொள்வது தகுந்த வழி. பயிற்சிக்கு மாக்கல். நூலகத்துக்குள் வைக்கும் மார்பளவுச் சிலைக்குப் பளிங்கு.

முடிவெடுத்த பின் ஸ்தபதியையோ அனுபவமுள்ள கல்தச்சரையோ உடன் அழைத்துச் சென்று பாளத்தை நேரில் பாருங்கள். சுத்தியலால் பல இடங்களில் தட்டச் சொல்லுங்கள். மரபில் கண்டாமணிபோல் ஒலிப்பதை ஆண் கல் என்றும், தாளம்போல் ஒலிப்பதைப் பெண் கல் என்றும், ஒலியற்றதை அலிக்கல் என்றும் பிரித்து, தெய்வ உருவங்களுக்கு முதலிரண்டையே கொள்வார்கள். மந்தமான ஒலி வரும் இடத்தில் உட்பிளவு இருக்கலாம் என்பதே இதன் பின்னுள்ள பாறையறிவு. அடுத்து, பாளம் முழுவதும் நீர் ஊற்றி நனைத்துவிட்டு வெயிலில் காயும்வரை அருகிலேயே காத்திருங்கள். மற்றப் பரப்பெல்லாம் உலர்ந்த பிறகும் ஈரக்கோடு ஒன்று மட்டும் கருமையாக நின்றால் அங்கே விரிசல் இருக்கிறது. அந்தக் கோடு முகம் வரவேண்டிய பகுதியைத் தொட்டால் அந்தப் பாளத்தை விட்டுவிடுங்கள்; ஓரத்தில் ஓடினால் வெட்டிக் கழிக்க வேண்டிய கனஅடியை அங்கேயே அளந்து, விலையில் கழித்துக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.